ராயபுரம் ஸ்டேஷன் லக்கேஜ் வில்லை என்று யாராவது விற்றால், கொஞ்சம் நில்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், எங்கள் பெரியப்பா தலையில் 4,500 ரூபாய்க்கு ஒரு போலிச் சரக்கைக் கட்டிவிட்டார்கள். பெரம்பூர் லோகோவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ரயில்வே சாமான் என்றால் துருப்பிடித்த போல்ட்டைக்கூட எடுத்துவைப்பார். அந்தப் பிரியத்தைத்தான் கடைக்காரர் காசாக்கிவிட்டார்.

உள்ளங்கையளவு பித்தளைத் தகடு. மேலே தோல்வார் கோக்க ஒரு நீள ஓட்டை. முழுக்கப் பச்சைக் களிம்பு. "ராயபுரம் ஸ்டேஷனை இடிச்சப்போ கிடைச்சது ஐயா, வெள்ளைக்காரன் காலத்துப் பொருள்" என்றாராம். 1856-இல் திறந்த அந்தக் கட்டடம் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது!

வீட்டில் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். களிம்பு அப்படியே துணிக்கு வந்துவிட்டது. வருஷக்கணக்கில் ஏறிய களிம்பு இப்படி ஒரு துடைப்பில் போகாது. (நிஜமான பழசு கையில் இருந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பே போய்விடும்.) உள்ளே ஆங்கிலத்தில் எம் அண்ட் எஸ்.எம் ரயில்வே, ராயபுரம், லக்கேஜ், 1889, நம்பர் 216.

எம் அண்ட் எஸ்.எம் என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. அது உருவானதே 1908-இல்தான். 1889-இல் ராயபுரம் வழியே ரயில் விட்டது மெட்ராஸ் ரயில்வே. அதேபோல, சதர்ன் ரயில்வே என்ற பெயரோடு வெள்ளைக்காரன் காலத்து வருஷம் இருந்தாலும் தொடாதீர்கள். அது பிறந்தது 1951-இல்.

இன்னொன்று, இந்த வடிவமே நம் ஊருடையது இல்லை. பித்தளை வில்லை ஜோடிமுறை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் இருந்தது. ஒரே நம்பரில் இரண்டு வில்லை. ஒன்றைத் தோல்வாரில் பெட்டியில் மாட்டுவார்கள், மற்றது பயணி கையில். அவற்றில் எழுத்தும் நம்பரும் அச்சுக்குத்திப் பதித்தவை, விளிம்பு கூராக இருக்கும். செய்த கம்பெனியின் பெயரும் பலவற்றில் உண்டு. நம் பக்கம் பெட்டிமேல் ஒட்டியது காகித லேபிள். பித்தளையில் நிஜமாகக் கிடைப்பது போர்ட்டர்கள் கையில் கட்டிய வில்லை மாதிரியானவை.

பெரியப்பாவிடம் இருப்பதில் எழுத்தெல்லாம் மழுங்கி, ஊசிமுனை அளவுக் குழிகளோடு இருக்கிறது. வார்ப்படத்தில் ஊற்றியது. வார் உரசி ஓட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்க வேண்டும். இதிலோ அரம் போட்ட கோடு புதுசாக மினுங்குகிறது.

அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மேஜைமேல் தட்டில் இன்னொரு 216. கேட்டதும் கடைக்காரர், "ஜோடி சார், ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் வரும்" என்றார். தட்டைக் கிளறினால் அடியில் இன்னும் நாலு 216! அப்புறம் பேச்சு மாறிவிட்டது. "பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." பில்லில் "பித்தளை சாமான் 1" என்று மட்டும் எழுதியிருந்தார். பெரியவர் முன்னால் அவர் பேசிய தோரணையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழசு என்று சொல்லி விற்பவர், கம்பெனி பெயர், ஸ்டேஷன், வருஷம் மூன்றையும் பில்லில் எழுதித் தரட்டும். மறுத்தால் வாங்காதீர்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கப்போகிறோம். 216 நம்பர் வில்லை வேறு யாரிடமாவது இருந்தால் படத்தோடு சொல்லுங்கள், அதையும் புகாரில் சேர்த்துவிடலாம்.