வெட்டிய அம்சங்களை எப்படிப் பிரிப்பது: காரணமா, கட்டமா, கண்ணில் படுவதா?

பெங்களூரில் கேம் டெஸ்டிங்கில் இருக்கும் தமிழர்கள், பழைய கேம்களிலிருந்து வெட்டப்பட்டவற்றைப் பட்டியலிட உட்கார்ந்தால் வகைப்பாட்டில்தான் முதலில் முட்டிக்கொள்வார்கள். ஏன் நீக்கினார்கள், எப்போது நீக்கினார்கள், ஆடுபவர் கண்ணில் எவ்வளவு படுகிறது என மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

காரணம் வெளியாட்களுக்கு எட்டாது. டீபக் (பிழை தேடும்) வசதிகளை எடுத்ததும் கிடைத்த சுமார் 300 பைட்டில்தான் மியூ என்ற பாத்திரம் முதல் போகிமான் கேமுக்குள் நுழைந்தது. உருவாக்கியவர்களே சொன்னதால்தான் இது நமக்குத் தெரியும். எந்தக் கட்டத்தில் நீக்கினார்கள் என்பதை வைத்துப் பிரிப்பது ஸ்டுடியோவுக்குள் இருப்பவர்களுக்கு நன்றாக உதவும்; பில்ட் (அவ்வப்போது தொகுத்த கேம் பிரதி) தேதிகள் கையில் இல்லாதவர்களுக்கு அது வெறும் ஊகம்.

மூன்றாவதுதான் எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியது. ஆனால் 'தெரியும், தெரியாது' என்று இரண்டாகப் பிரித்தால் போதாது. பார்ப்பதற்கு ஆடுபவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதே அளவுகோல். சாதாரணமாக ஆடினாலே, மெனுவைத் திறந்தாலே கிடைப்பது படி 1. கேமிலேயே உள்ள சீட் கோடு (ரகசியக் குறியீடு) தேவைப்பட்டால் படி 2. கேம் ஜீனி, ஹெக்ஸ் எடிட்டர் போன்ற வெளிக் கருவி இல்லாமல் முடியாதென்றால் படி 3. விற்பனைப் பிரதியில் அறவே இல்லாமல், ட்ரெய்லரிலோ முன்மாதிரி பில்டிலோ மட்டும் இருந்தால் படி 4.

சோனிக் 2 (1992) கேமின் ஹிடன் பேலஸ் லெவலை இதில் வைத்துப் பாருங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவின் சவுண்ட் டெஸ்டில் 10 என்று வைத்தால், எந்த லெவலிலும் வராத இசை ஒலிக்கும்: படி 1. அதே இடத்தில் 19, 65, 09, 17 என வரிசையாக ஒலிக்கவிட்டு, டைட்டில் திரையில் A பட்டனைப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால் லெவல் செலக்ட் (லெவலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) திறக்கும், ஆனால் பட்டியலில் ஹிடன் பேலஸ் இருக்காது. ஆக, படி 2 காலி. கேம் ஜீனி போட்டு நுழைந்தால் தரையே இல்லாமல் சோனிக் விழுந்து சாவான்: படி 3. ஆடக்கூடிய லெவல் முன்மாதிரி பில்டில் மட்டுமே இருந்தது: படி 4. 2013 மொபைல் பதிப்பில் மிஸ்டிக் கேவ் லெவலின் முள் குழிக்குள் குதித்தால் அங்கே போய்விடலாம், மறுபடி படி 1! அதனால் ஒரு அம்சத்துக்கு ஒரே வரி போடாதீர்கள். இசை, வரைபடம், எதிரிகள் என்று துண்டுக்கு ஒரு வரி போடுங்கள்.

பதிப்பு எண் கட்டாயம். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் முடக்கிவைத்த 'ஹாட் காபி' என்ற பாலுறவு மினி கேம் பகுதி டிஸ்கிலேயே கிடந்தது. படி 3 தானே என்று யாரும் விடவில்லை, 2005 ஜூலையில் அமெரிக்கத் தரச்சான்று எம்மிலிருந்து (17 வயதுக்கு மேல்) ஏஓவுக்கு (வயது வந்தோர் மட்டும்) மாறியது. பின்னால் வந்த பிசி பதிப்பில் அது அடைக்கப்பட்டது. பெங்களூர் நேஷனல் மார்க்கெட்டில் பழைய டிஸ்க் வாங்கினால் அட்டையை நம்பாதீர்கள்; யாரோ மாட் போட்ட (கோப்புகளை மாற்றிய) நகலாகவும் இருக்கலாம். பேட்ச் போடுவதற்கு முன் எக்ஸிஇ கோப்பின் செக்சம்மை (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) குறித்துவிடுங்கள்.

கோப்பில் பயன்படாமல் கிடப்பதெல்லாம் வெட்டப்பட்டதும் அல்ல. செல்டா: ஒகரினா ஆஃப் டைம் கேமுக்குள் இருக்கும் ஆர்விங் (ஸ்டார் ஃபாக்ஸ் கேமின்) விமானம் சோதனைக்காக வைத்தது. அதற்குத் தனி வரிசை வேண்டும்.

இந்தப் படிகள் திணறும் இடம் ஆன்லைன் கேம். டெஸ்டினி 2 கேமிலிருந்து 2020 நவம்பரில் மார்ஸ், ஐஓ, டைட்டன், மெர்க்குரி என்ற ஆடும் இடங்கள் எல்லாம் எடுக்கப்பட்டன. அதற்கு முன் ஆடியவர்களுக்குப் படி 1, எடுத்த உடனே வாங்கியவருக்குப் படி 4. இங்கே படிக்குப் பக்கத்தில் 'எந்தத் தேதி வரை' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தே ஆகவேண்டும்.