டெங்குக்குப் பின் கொட்டிய முடி: இரண்டரை வருடம் பூசியதும் விட்டதும்

2023 தை மாதம் எனக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் வார்டில் கிடந்து, பிளேட்லெட் ஏறி, வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். சித்திரை வருசத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது முடி கொட்டத் தொடங்கியது. தலை முழுகிவிட்டு விரலை விட்டு இழுத்தால் கொத்தாக வரும். குளியலறையில் தண்ணீர் போகும் துவாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அடைத்துக்கொண்டது. அம்மம்மா பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, எலிவால் மாதிரிப் போச்சுகா" என்றார்.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தினமும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் போய் வருவேன். வீட்டில் கிணறு, உவர் கலந்த தண்ணீர். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கினால் பாலத்தின் நடுவில் முடி தும்பு மாதிரிக் காய்ந்துவிடும். இந்த விவரமெல்லாம் எதற்கென்றால், ஷாம்பு விளம்பரத்தில் வரும் பெண் இந்தக் கிணற்றில் குளிப்பதில்லை. ஒரே போத்தல் கொழும்பில் இருக்கும் என் மச்சாளுக்குச் செய்ததை எனக்குச் செய்யவில்லை.

முதல் மூன்று மாதம் கையில் கிடைத்ததையெல்லாம் பூசினேன். செவ்வரத்தம் இலை, ஊறவைத்த வெந்தயம், கற்றாழை, கடைசியில் சின்ன வெங்காயச் சாறு. வெங்காயச் சாறு பூசி இரண்டு தரம் கழுவியும் மணம் போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் வகுப்பு முழுக்கப் பரவியது. பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன், "டீச்சர், கொத்துக் கடையாலயா வாறீங்க?" என்றான். அத்தோடு வெங்காயம் சமையலறைக்கே திரும்பிப் போனது. எருமைத் தயிரும் ஒருநாள் பூசினேன். மட்டக்களப்புத் தயிரை இப்படி வீணாக்கியதற்கு இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

பிறகு வந்தது இணையத்தில் வாங்கிய எண்ணெய். "28 நாளில் அடர்த்தி" என்று எழுதியிருந்தார்கள். விலை 3,500 ரூபாய், வீட்டுக்கு வந்ததும் காசு கொடுக்கலாம். போத்தலில் ஒரு பெண்ணின் படம் மட்டும் இருந்தது. என்ன சேர்ந்திருக்கிறது, எங்கே செய்தது, எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவந்து கடிக்கத் தொடங்கியது. கேட்டு எழுதினேன், என்னைத் தடை செய்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: பின்பக்கத்தில் எழுத்து இல்லாத போத்தல் என் தலைக்கு வராது.

ஆடியில் தோல் வைத்தியரிடம் போனேன். அவர் என் தலையைப் பார்க்கும் முன் கேட்ட கேள்வி, "ஜனவரி, பெப்ரவரியில் பெரிய காய்ச்சல் ஏதும் வந்ததா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விளங்கப்படுத்தியது இதுதான். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பெரும்பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும், பத்தில் ஒன்று போல ஓய்வில் இருக்கும். நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது வழமை. கடும் காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை மாதிரி உடம்பை உலுக்கும் ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். சித்திரையில் என் சீப்பில் வந்தது தை மாதத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்ட முடி.

விழுந்த முடி ஒன்றை வீட்டில் கொப்பித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நுனியில் கடுகை விடச் சின்னதாய் ஒரு வெள்ளைக் குமிழ். வேரோடு பிடுங்கி வருகிறது என்று நான் பயந்த குமிழ் அதுதான். ஓய்வு முடிந்து தானாகக் கழன்ற முடிக்கு அப்படித்தான் இருக்குமாம். வேர் உள்ளேயே இருக்கிறது, புதியது வரும்.

இந்த வகைக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். இதை யோசித்துப் பாருங்கள். மூன்றாம் மாதம் பதறிப்போய் ஒரு எண்ணெய் வாங்குகிறோம். ஆறாம் மாதம் கொட்டல் நிற்கிறது. பெயர் யாருக்கு? எண்ணெய்க்கு. "எனக்கு மூன்றே மாதத்தில் நின்றது" என்று உறவுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணெய் பூசாவிட்டாலும் நின்றிருக்கும்.

என் விசயம் அத்தோடு முடியவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.9, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, இரண்டும் குறைவு. தைரொயிட் சரியாக இருந்தது. இரும்புக் குளிசை எழுதித் தந்தார். கூடவே, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார், தேயிலை இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்குமாம். எனக்குக் குளிசை விழுங்குவதை விட அதுதான் கஷ்டம். மதியச் சோற்றுக்குப் பிறகு பிளேன்டீ இல்லாமல் பின்நேர வகுப்பு எடுப்பது லேசான காரியமா? தேசிக்காய்த் தண்ணீருக்கு மாறினேன். ஆறு மாதத்தில் ஃபெரிட்டின் 38. (பரிசோதிக்காமல் யாரும் இரும்பு விழுங்க வேண்டாம், கூடினாலும் கெடுதல்.)

கட்டாரிலிருந்து தம்பி பயோட்டின் என்ற விற்றமின் குளிசையும் கொண்டுவந்திருந்தான். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்றார் வைத்தியர். அதை விட முக்கியம், பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017இலேயே இதை எச்சரித்திருக்கிறது. தைரொயிட் சோதனைக்கு முன் கட்டாயம் நிறுத்தச் சொன்னார். நான் முழுக்கவே நிறுத்திவிட்டேன்.

அளப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்று நினைத்தேன். கண்ணாடியை நம்ப முடியாது, ஒருநாள் நல்லாயிருக்கிறது என்று சொல்லும், மறுநாள் வழுக்கை என்று சொல்லும். கறுப்புத் தையல் நூல் ஒன்றை எடுத்து, முடியைப் பிடரியில் கட்டி, கட்டின இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முட்டும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அடிமட்டத்தில் வைத்தேன். 2023 ஆவணியில் 6.1 சென்ரிமீற்றர். மார்கழியிலும் அதே 6.1. அப்போது அழுகை வந்தது. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். உச்சியில் புதிதாய் முளைத்தது பிடரிக் கட்டுக்குள் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும். அதுவரை நெற்றியோரம் குட்டி முடிகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், நூலுக்குத் தெரியாது.

அடுத்தது பொடுகு. இது ஹெல்மெட்டும் வியர்வையும் தந்த சீதனம். பூஞ்சையைக் கொல்லும் கீற்றோகோனசோல் 2 வீத ஷாம்பு தந்தார்கள், சிவப்பு நிறம். முதல் மாதம் வழமையான ஷாம்பு மாதிரி போட்டவுடன் கழுவினேன், ஒன்றும் நடக்கவில்லை. போத்தலைத் திருப்பி வாசித்தபோதுதான் ஐந்து நிமிடம் விட வேண்டும் என்று தெரிந்தது. ஐந்து நிமிடம் நுரையோடு நிற்பது எவ்வளவு நேரம் என்பது குளிர்ந்த மார்கழியில் நின்று பார்த்தால் தெரியும். கிழமைக்கு இரண்டு தரம், நாலு கிழமை. கடி நின்றது. இப்போது இரண்டு கிழமைக்கு ஒருதரம் போடுகிறேன். ஒரு குறை, முடியைச் சொரசொரப்பாக்கும், பின்னாலேயே கண்டிஷனர் வேண்டும்.

இங்கேதான் அம்மம்மாவோடு சண்டை. பொடுகு உள்ள தலைத்தோலில் எண்ணெய் பூசக்கூடாது என்றார் வைத்தியர். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்புத்தான் சாப்பாடு. "எண்ணெய் வைக்காத தலை ஒரு தலையா?" என்று அம்மம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் சமாதானம் இப்படி: தேங்காய் எண்ணெய் உண்டு, தோலுக்கு இல்லை, முடிக்கு மட்டும். முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் இரண்டு கரண்டி எண்ணெயை காதுக்குக் கீழே நுனி வரை தடவுவேன். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 2003இல் வந்த ஒரு ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள், முடியின் புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கிவிடும். முடி வளர்க்காது, இருக்கிற முடி உடைவதைக் குறைக்கும். இரண்டும் வேறு வேறு. மூலிகை எண்ணெய்களில் குமாரிகாவும் நீலியாதி தைலமும் வீட்டில் இருக்கின்றன, அம்மம்மாவுக்காக. மணம் நல்லாயிருக்கும்.

ஷாம்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது தலைத்தோலைக் கழுவும், அவ்வளவுதான். சல்பேட் இல்லாதது என்று விலை கூடியதை வாங்கினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் போகவில்லை, இரண்டு தரம் போட வேண்டி வந்தது, போத்தல் பாதி நாளில் முடிந்தது. வழமையானதற்கே திரும்பிவிட்டேன். கண்டிஷனரைத்தான் முன்பு பிழையாகப் போட்டேன். உச்சியில் அப்பினால் முடி படிந்து இன்னும் மெல்லிசாகத் தெரியும், பாதிக்குக் கீழே போட்டால் சிக்கு வராது. சிக்கு வராவிட்டால் சீப்பில் உடையும் முடி குறையும்.

தண்ணீர் ஒரு தனிக் கதை. கேத்தலுக்குள் படியும் அந்த வெள்ளைக் காறைதான் முடியிலும் படிகிறது. வெளியூரில் இரண்டு கிழமை நின்றால் முடி மிருதுவாகும், வீட்டுக்கு வந்தால் மறுபடி கயிறு. குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். ஒரு வாளி பிடித்து வைத்து, கிணற்றில் முழுகிவிட்டு, கடைசி ஊற்றை மட்டும் அதில் ஊற்றுகிறேன். நான் செய்த எல்லாவற்றிலும் சதம் செலவில்லாதது இதுதான், தொட்டுப் பார்த்தால் தெரியும் வித்தியாசமும் இதுதான். கொட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2024 மாசியில் கொட்டல் நின்றிருந்தும் உச்சி வகிடு அகலமாகவே இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். பரம்பரை மெலிவும் சேர்ந்திருக்கிறது என்று வைத்தியர் தலையில் பூச மினொக்சிடில் 5 வீதம், இரவில் ஒருதரம் என்று எழுதினார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசை, முடி வளர்வதைக் கண்டு தலைக்கு மாறிய மருந்து இது. மூன்றாம் கிழமை மறுபடி கொட்டத் தொடங்கியது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புதியது வரும் என்று. சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எறிந்திருப்பேன். பலரும் விடுவது அந்த இடத்தில்தான். இரண்டு மாதத்தில் அடங்கியது, ஆறாம் மாதம் வகிடு ஒடுங்கத் தொடங்கியது.

இதன் தொல்லைகளும் கொஞ்சமில்லை. காய்ந்ததும் பாகு மாதிரி ஒட்டும். காலையில் வெள்ளைப் பொடியாய் உதிரும், பொடுகு என்று பார்ப்பவர் நினைப்பார்கள். கன்னத்தில் பூனைமயிர் கொஞ்சம் கூடியது. நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதத்தில் போய்விடும், அதாவது கடன் கட்டுவது மாதிரித் தொடர வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது. இன்னொன்று, எங்கள் வீட்டுப் பூனை என் தலையணையில்தான் படுக்கும். மினொக்சிடில் பூனைக்கு நஞ்சு, நக்கினாலே சாகலாம். ஒன்பது மணிக்குப் பூசி, முழுக்கக் காயவிட்டு, தலையில் துணி கட்டி, அறைக் கதவைச் சாத்துகிறேன். பூனை கதவைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும்.

2024 மார்கழியில் நூல் 6.9. இந்த ஆவணியில், அதாவது 2025இல், 7.3. சுற்றளவில் ஒன்றேகால் சென்ரிமீற்றர் கூட இல்லையே என்று மச்சாள் சிரித்தாள். சுற்றளவைப் பார்க்காதே, பரப்பளவைப் பார் என்றேன். 7.3ஐ 6.1ஆல் பிரித்து வர்க்கித்தால் 1.43. நாற்பது வீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. பதினொராம் வகுப்புக்கு இதை ஒரு கணக்காகவே கொடுத்தேன், யாருடைய பின்னல் என்று சொல்லாமல்.

போன கிழமை அம்மம்மா மெதுவாக அறைக்குள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "புள்ள, அந்தச் சிவப்புச் சாமானில கொஞ்சம் தாவன்."

ஐந்து நிமிடம் விடச் சொன்னேன். பத்து நிமிடமாகியும் குளியலறையை விட்டு வரவில்லை.