தடித்த சாய்வெழுத்து: ஃப்யூச்சுராவா, ஹெல்வெட்டிகாவா, யூனிவர்ஸா?

போஸ்டரில் நாலே சொற்கள், அவை பார்ப்பவரை நிறுத்த வேண்டும் என்றால் ஃப்யூச்சுரா எழுத்துருவின் போல்ட் ஒப்ளிக் (தடித்த சாய்வு). முழு வாக்கியமாக வாசிக்க வேண்டியது எதுவானாலும் யூனிவர்ஸ் 66. ஆங்கில எழுத்தில் தடித்த, சாய்ந்த சான்ஸ் செரிஃப் (முனைகளில் சிறு கோடுகள் இல்லாத எழுத்து) தேடுபவர்களுக்கு என் பதில் இதுதான்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். தடித்த எழுத்தைக் கணினியில் அப்படியே ஒருபக்கமாகத் தள்ளினால் அது கெட்டுப்போகும். ஆங்கில 'ஓ'வின் (O) கனம் மேல் வலப்பக்கத்திலும் கீழ் இடப்பக்கத்திலும் சேர்ந்துகொள்ளும். 'வி'யின் (V) இடக்கோடு நிமிர்ந்து பருக்கும், வலக்கோடு இன்னும் சாய்ந்து மெலியும். மெல்லிய எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. போல்டில் மறைக்கவே முடியாது. அதனால் நல்ல சாய்வெழுத்தில் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்தியிருப்பார்கள். (தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வுக்கென்று தனிக் கோப்பே கிடையாது. இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் வருவது இந்தத் தள்ளிவிட்ட சாய்வுதான்.)

பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் ஜெர்மனியின் பாவர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது ஃப்யூச்சுரா. வட்டமும் நேர்கோடும்தான் அதன் அடிப்படை. சாய்த்ததும் அந்த வட்டங்கள் முன்னோக்கிப் பாய்வதுபோல் ஆகிவிடுகின்றன; அந்த வேகம் வேறு எதிலும் இல்லை. பத்திரிகை வடிவமைப்பிலிருந்து வந்த கலைஞர் பார்பரா க்ரூகர், கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சிவப்புப் பட்டையில் இந்த எழுத்தை வைத்தார். 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் கடையின் சிவப்புப் பெட்டி லோகோவும் அவர் வழியில் வந்ததுதான். ஆனால் இதைச் சிறிய அளவில் பத்தியாக அடித்துப் பாருங்கள். சின்ன 'ஏ'வும் (a) சின்ன 'ஓ'வும் (o) ஒரே ஒரு கோட்டால்தான் வேறுபடுகின்றன. போல்டில் எழுத்துக்குள் இருக்கும் உள்வெளியும் அடைத்துக்கொண்டால் கண் தடுமாறும்.

1957-இல் வந்த யூனிவர்ஸ் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே யோசித்தது. ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 21 வடிவங்களை ஒரே குடும்பமாகத் திட்டமிட்டு எண்களால் பெயரிட்டார்: முதல் இலக்கம் கனம், இரண்டாவது அகலமும் சாய்வும். 65 போல்ட், 66 அதன் சாய்வு. பிறகு ஒட்டவைத்த துணையாக இல்லாமல் குடும்பத்தில் பிறந்த பிள்ளை என்பதால், நிமிர்ந்த எழுத்தோடு ஒரே வரியில் கலந்தாலும் 66 உறுத்துவதில்லை. உள்வெளி திறந்தே இருக்கிறது. அருங்காட்சியகக் குறிப்பு, கையேட்டின் எச்சரிக்கை வரி, அட்டவணைத் தலைப்பு என்று எதற்கும் தயங்காமல் எடுக்கலாம்.

ஹெல்வெட்டிகாவும் அதே 1957-இல், வேறு பெயரில் பிறந்தது. அதன் போல்ட் ஒப்ளிக் பி.டி.எஃப்-இன் 14 அடிப்படை எழுத்துருக்களில் ஒன்று. ஏரியல் அதன் அகல அளவுகளையே பின்பற்றுவதால், மாற்றிப் போட்டாலும் வரி உடையாது. அலுவலக ஆவணத்துக்கு அது போதும். ஆனால் எழுத்துகளின் முனைகள் உள்நோக்கி மூடிக்கொள்வதால், தடித்துச் சாய்ந்து நெருக்கி அடிக்கும்போது சொல் ஒரே கட்டியாகத் தெரிகிறது. யூனிவர்ஸ் வாங்க வசதி இருந்தால் இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.