பாரன் 58ஆ, ஏரோஸ்டாரா? வேகம் குறைந்ததை நான் வாங்கிய காரணம்

சிறிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்க நினைப்பவர், அதிலும் வேகமானதைத் தேடுபவர், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்: பீச்கிராஃப்ட் பாரன் 58, ஏரோஸ்டார் 601பி. நானும் அங்கேதான் வந்து நின்றேன். இருப்பது டெக்சாஸின் ஹூஸ்டனில். வேலை நிமித்தம் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கிக்கும் லூசியானா கரையோரத்துக்கும் போய்வர வேண்டும். இரவில் சதுப்பு நிலத்துக்கு மேலே ஒற்றை எஞ்சினை நம்பிப் பறக்க மனம் ஒப்பவில்லை. வாங்கியது பாரன், 1981ஆம் ஆண்டு மாடல். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததே. ஏரோஸ்டாரை நண்பர் ஒருவரின் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து சில முறை ஓட்டியதோடு சரி. அதன் பராமரிப்பைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி அதை வைத்திருப்பவர்களிடம் கேட்டறிந்தது.

மற்றவற்றை ஏன் விட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஸ்னா 310 நல்ல விமானம்தான். ஆனால் அதன் உற்பத்தி 1980இலேயே நின்றுவிட்டது, கையில் கிடைப்பவை வயதானவை. டைமண்ட் டிஏ62 ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின் விமானம், எல்லா வகையிலும் நவீனமானது. புதிதாக வாங்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். சிரஸ் எஸ்ஆர்22 ஒற்றை எஞ்சின்தான் என்றாலும் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் அதில் இருக்கிறது. இரட்டை எஞ்சினுக்காக நாம் வைக்கும் வாதத்தில் பாதியை அந்தப் பாராசூட் காலி செய்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போல நிறையச் சரக்கும் ஆட்களும் ஏற்றுபவருக்கு அது இடம் போதாது.

முதலில் ஏரோஸ்டாரின் பெருமை. டெட் ஸ்மித் வடிவமைத்த இந்த விமானம் 1966இல் முதன்முதலாகப் பறந்தது. 1978இல் பைப்பர் நிறுவனம் அதை வாங்கியது. 1984இல் உற்பத்தி முடிந்தது. உடலின் நடுவே பொருந்திய குட்டையான இறக்கைகள், வழுவழுப்பான தடித்த உலோகத் தோல், வீணான ஒரு வளைவுகூட இல்லாத உடல். 601பி மாடலில் உயரத்து மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தரும் டர்போவும் உண்டு, உள்ளே இருப்பவர்கள் சாதாரணமாக மூச்சு விடக் காற்றழுத்தமும் உண்டு. இருபதாயிரம் அடிக்கு மேலே, ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொள்ளாமல், மணிக்கு 220 நாட்டிகல் மைலுக்கு (ஒன்று ஏறத்தாழ 1.85 கி.மீ.) மேல் போகலாம். மெக்சிகோ வளைகுடா மேகங்களுக்கு மேலே அப்படிப் போகும் சுகத்தை நான் அனுபவித்திருக்கிறேன். என் பாரன் 190ஐ எட்டினால் நல்ல நாள். பத்தாயிரம் அடியில், அதே மேகங்களுக்குள்ளேதான் போகிறது.

ஹூஸ்டனிலிருந்து அல்புகர்க்கி ஏறத்தாழ 650 நாட்டிகல் மைல். காற்றைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஏரோஸ்டாருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, பாரனுக்குக் கூடுதலாக அரை மணி நேரம். ஏரோஸ்டார் எரிபொருளைக் குடிக்கும் என்று பலர் சொல்வார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் உண்மை. தூரக்கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய நூறு காலனில்தான் முடிகின்றன. சீக்கிரம் போய்ச் சேர்வதால் அதன் கூடுதல் செலவு ஈடாகிவிடுகிறது. எனவே எரிபொருளைக் காட்டி ஏரோஸ்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஓர் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதில் இரண்டுமே விற்பனையாளர் சொல்லும் அளவுக்கு ஆறுதல் தருவதில்லை. பாரன் கடல் மட்டத்தில் இரண்டு எஞ்சின்களோடு நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி ஏறும். ஒன்று போனால் பாதியாவது மிஞ்சும் என்று நினைக்கத் தோன்றும்; மிஞ்சுவது 400 அடிகூட இல்லை. அதுவும் நின்ற பக்கத்து ப்ரொப்பெல்லரின் தகடுகளைக் காற்றுக்கு ஒத்தவாறு திருப்பி, சக்கரத்தை மடக்கி, ஒற்றை எஞ்சினில் நன்றாக ஏறும் வேகத்தைக் காட்டும் வேகமானியின் நீலக் கோட்டில் ஊசியை நிறுத்தினால்தான். அல்புகர்க்கி ஓடுபாதை 5,300 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கோடை மதியத்தில் அங்கே காற்றின் அடர்த்தி எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரியதாகிவிடும். என் பாரன் ஒற்றை எஞ்சினில் மட்டமாகப் பறக்கும் எல்லையே ஏழாயிரம் அடியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே ஜூலையில் அங்கிருந்து கிளம்பும்போது, தரையை விட்டு எழுந்த கணத்தில் ஓர் எஞ்சின் நின்றால் இரண்டையும் மூடிவிட்டு எதிரே இறங்குவது என்பதை முன்னதாகவே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு வழி, விடியலிலேயே கிளம்பிவிடுவது. அதைத்தான் பெரும்பாலும் செய்கிறேன்.

டர்போ இருப்பதால் மலைகளுக்கு மேலே ஏரோஸ்டார் இதில் ஒரு படி மேல். தரைக்கு அருகில் நிலைமை வேறு. பாரனின் இறக்கை 199 சதுர அடி, சுமப்பது 5,400 பவுண்டு. ஏரோஸ்டாருக்கு 178 சதுர அடியில் 6,000 பவுண்டு. எனவே அது தரையை விட்டு எழவும் திரும்ப இறங்கவும் வேகம் அதிகம் கேட்கும். இன்னொன்றும் உண்டு. சக்கரத்தையும், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகையான ஃபிளாப்பையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் பம்ப், மூல வடிவமைப்பில் வலது எஞ்சினில் மட்டும்தான் இருக்கிறது. நிற்பது வலது எஞ்சின் என்றால், சக்கரத்தை மடக்கத் துணைப் பம்ப் பொருத்தியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஏரோஸ்டார் வாங்கப் போகிறவர் அந்தத் துணைப் பம்ப்பைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்புதான். ஹூஸ்டனின் ஈரக்காற்று அதில் பாதி.

ஏரோஸ்டாரில் இருப்பவை லைகாமிங் எஞ்சின்கள், பாரனில் இருப்பவை கான்டினென்டல். லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் மேல்பகுதியில், ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் மூன்று நான்கு வாரம் ஹாங்கரில் சும்மா நின்றால் அதன் மேலிருந்த எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். வளைகுடாக் கரையின் ஈரம் அந்த வெற்று உலோகத்தில் துருவைப் பிடிக்க வைக்கும். துருப் புள்ளி விழுந்த கேம் பிறகு ஓட ஓடத் தேய்ந்து, உலோகத் துகள்களை எண்ணெயில் விடும்; அதற்கு மருந்து எஞ்சினைப் பிரிப்பதுதான். கான்டினென்டலில் கேம் கீழே இருப்பதால் இந்த நோய் குறைவு. வாரந்தோறும் பறக்கிறவருக்கு இது பொருட்டே அல்ல. மாதம் இரண்டு முறை பறக்கும் என்னைப் போன்றவருக்கு இதுதான் பெரிய விஷயம்.

கான்டினென்டலுக்கும் நோய் உண்டு, அது சிலிண்டரில். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துபோவது அதன் வழக்கமான தொல்லை. ஆண்டுச் சோதனையின்போது ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமராவை நுழைத்துப் இரண்டு எஞ்சினிலும் சேர்த்துப் பன்னிரண்டு எக்ஸாஸ்ட் வால்வையும் படம் எடுக்கச் சொல்கிறேன். நல்ல வால்வ், நடுவில் ஒரே சீராகச் சிவந்த தோசையைப் போல வட்டம் மாறாமல் இருக்கும். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சை கலந்து பிறை போல நிறம் மாறியிருந்தால் அந்த இடத்தில் சூடு தேங்குகிறது என்று பொருள். என் இடது எஞ்சினின் ஐந்தாவது சிலிண்டரில் அப்படி ஒரு பிறை தெரிந்தது. அழுத்தச் சோதனையில் அது தேறியிருந்தது, படம்தான் காட்டிக்கொடுத்தது. அந்த ஒரு சிலிண்டரை மட்டும் கழற்றிச் சரிசெய்தோம். விமான நிலையத்திலேயே இருக்கும் மெக்கானிக், இதற்கு முன் பல பாரன்களையும் அதே பீச்கிராஃப்டின் ஒற்றை எஞ்சின் பொனான்சாக்களையும் பார்த்தவர், அந்த வாரத்திலேயே முடித்துக் கொடுத்தார்.

அந்த மெக்கானிக்குக்காகத்தான் பாரனை வாங்கினேன் என்றே சொல்வேன். பாரன் குடும்பத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் உருவாகியிருக்கின்றன. ஏரோஸ்டாரில் மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான். விச்சிட்டாவில் இருக்கும் அமெரிக்கன் பொனான்சா சொசைட்டி பாரன் உரிமையாளர்களுக்கும் பயிற்சியும் தொழில்நுட்ப ஆலோசனையும் தருகிறது. ஏரோஸ்டாரின் வடிவமைப்பு உரிமை ஐடஹோவின் ஹேடனில் உள்ள ஏரோஸ்டார் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. உரிமையாளர்கள் அவர்களுடைய திறமையை மனதாரப் புகழ்கிறார்கள். ஆனால் ஹூஸ்டனிலிருந்து ஹேடன் ஆயிரம் மைலுக்கும் அப்பால். ஏரோஸ்டாரை அறியாத மெக்கானிக் அதன் குறுகிய எஞ்சின் மூடிக்குள் கைவிட்டுக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு மணிக்கும் பணம் தருவது உரிமையாளர்தான்.

எஞ்சின் மறுசீரமைப்புக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். பாரனின் ஐஓ-520 எஞ்சினுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 1,700 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. ஓர் எஞ்சினுக்குக் கழற்றி மாட்டும் கூலியோடு 55,000 டாலர் என்று நான் ஒதுக்கி வைக்கிறேன். இரண்டுக்கும் 1,10,000. 1,700 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 65 டாலர். ஆனால் ஆண்டுக்கு நூறு மணி நேரமே பறந்தால் 12 ஆண்டில் ஓடுவது 1,200 மணி நேரம்தான். மணிக்கு 92 டாலர் ஆகிவிடுகிறது. சொந்த உபயோகத்தில் அந்தக் காலக்கெடு சட்டப்படி கட்டாயமில்லை, விற்கும்போது வாங்குபவர் கட்டாயம் கேட்பார். டர்போவும் காற்றழுத்தமும் உள்ள விமானத்தில் இதன்மேல் எக்ஸாஸ்ட் குழாய்கள், டர்போ, கதவு ரப்பர் என்று இன்னொரு பட்டியல் சேரும்.

பாரனிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாத இடங்கள் உண்டு. இறக்கைகளைத் தாங்கும் நடுச்சட்டத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. கட்டாயமாக்கியது, அந்த ஆய்வுப் பதிவு இல்லாத விமானத்தைத் தொடவே வேண்டாம். 1984க்கு முந்தைய பாரன்களில் சக்கர நெம்புகோல் வலப்பக்கமும் ஃபிளாப் இடப்பக்கமும் இருக்கும். மற்ற விமானங்களில் பழகிய கைக்கு இது தலைகீழ். தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிளாப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன. ஓடுபாதையை விட்டு வெளியே வந்து நிற்கும் வரை நான் எதையும் தொடுவதில்லை. பிறகும் சக்கர வடிவக் குமிழா, தட்டையான குமிழா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே இழுக்கிறேன்.

மறுவிற்பனையில் பாரன் சீக்கிரம் கைமாறும். ஏரோஸ்டாருக்கு அதையே தேடி வரும் ஆள் வர வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை 2030 முடிவுக்குள் கைவிடுவது என்று அமெரிக்காவில் இலக்கு வைத்திருப்பது இரண்டின் விலையையும் பாதிக்கலாம். காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டுக்குமே ஆண்டுதோறும் பயிற்சிச் சான்று கேட்கின்றன. அதைத் தொல்லையாக நினைப்பவர் இரட்டை எஞ்சின் பக்கமே வரக் கூடாது.

ஆண்டுக்கு இருநூறு மணி நேரத்துக்கு மேல் பறப்பவர், ராக்கி மலைகளை அடிக்கடி தாண்டுபவர், வறண்ட ஊரில் ஹாங்கர் வைத்திருப்பவர், ஏரோஸ்டாரை நன்கறிந்த மெக்கானிக்கை ஒரு மணி நேரப் பறப்புக்குள் வைத்திருப்பவர் என்றால் என் கணக்கில் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. அவர் என்னிடம் கேட்டால், துணை ஹைட்ராலிக் பம்ப் உள்ள 601பி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.