திரியா, சக்கிமுக்கிக் கல்லா, கேப்பா: டார்கெட்டுக்கு எது?

குழல் வாய் வழியா கருமருந்தைப் போட்டு, ஈய உருண்டையைக் கம்பியால கெட்டிச்சு சுடுற துப்பாக்கிகள்ல இந்த மூணு வகையும் உண்டு (மெதுவா எரியுற திரி, பொறி தட்டுற சக்கிமுக்கிக் கல், அடிச்சா வெடிக்கிற மருந்து வெச்ச சின்ன உலோக மூடியான கேப்), உள்ள இருக்குற மருந்துக்கு நெருப்பு எப்படிப் போய் சேருதுங்கிறதுதான் முக்கியமான வித்தியாசம். ட்ரிக்கர் இழுத்ததுல இருந்து உருண்டை வெளிய போறவரைக்கும் கை ஆடாம இருக்கணும், அந்த நேரத்தையும் அதிர்வையும் தீர்மானிக்கிறது இந்த நெருப்பு விஷயம்தான்.

கேப் வகையில பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, சுலபம். 1807ல ஃபோர்சைத்ங்கிற ஸ்காட்லாந்து பாதிரியார் அடிச்சா வெடிக்கிற மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி பேட்டன்ட் வாங்கினார், கேப் அதுக்குப் பின்னாடி வந்தது. சுத்தியல் அடிச்ச உடனே சுடும், ஈரக்காத்துக்கும் அவ்வளவா பயப்படாது. கேப் மாட்டுற துளை உள்ள முனையான நிப்பிள்ல எண்ணெய் தங்கியிருந்தா மட்டும் ஏமாத்தும், அதனால மருந்து போடுறதுக்கு முன்னாடி குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி வெறும் கேப் ஒண்ணு ரெண்டு வெடிச்சுப் பாத்துக்கணும். படுத்துக்கிட்டு 100 மீட்டர்ல சுடணும், நல்ல ஸ்கோர் வேணும்னா ரைஃபிளிங் (உருண்டையைச் சுழல வைக்க குழலுக்குள்ள வெட்டின சுருள் பள்ளம்) இருக்குற கேப் துப்பாக்கிதான், இதுல யோசிக்கவே வேண்டாம்.

உண்மையான போட்டி மத்த ரெண்டுக்கும் நடுவுலதான். இந்த மாதிரி வாய் வழியா நிரப்புற துப்பாக்கிகளுக்காக எம்எல்ஏஐசின்னு 1971ல ஆரம்பிச்ச சர்வதேச அமைப்பு நடத்துற போட்டிகள்ல மிக்கெலெட் பிரிவு சக்கிமுக்கிக் கல் மஸ்கெட்டுக்கு, தனெகாஷிமா பிரிவு திரித் துப்பாக்கிக்கு. ரெண்டுலயும் வழவழப்பான குழல், நின்னுக்கிட்டு 50 மீட்டர், டார்கெட்டும் ஒண்ணுதான், 30 நிமிஷத்துல 13 சுட்டு அதுல சிறந்த 10 கணக்கு, அதனால நேருக்கு நேர் ஒப்பிடலாம்.

கல்லு வகையில கல்லைப் பிடிச்சிருக்குற பெரிய சுத்தியல் வேகமா வந்து இரும்புல மோதணும், பொறி பறக்கணும், குழலுக்கு வெளிய ஒட்டியிருக்குற சின்னக் கிண்ணியில இருக்குற மருந்து பத்தணும், அந்த நெருப்பு ஓட்டை வழியா உள்ள போகணும், இவ்வளவும் நடக்குற வரைக்கும் முகத்துக்குப் பக்கத்துல பளிச்னு எரியுறதைக் கண்டுக்காம குறியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். நல்லா செட் பண்ணினதுல கிண்ணி சத்தமும் குழல் சத்தமும் தனித்தனியா கேக்காது. ஆனா கிண்ணி மருந்து ஓட்டைக்குள்ள அடைஞ்சுட்டா பட்டாசுத் திரி மாதிரி மெதுவா எரிஞ்சு உள்ள போகும், ஷாட் அங்கேயே போச்சு. கல்லோட முனை மழுங்கும், போட்டி நடுவுலயே சரி பண்ண வேண்டி வரும். சுத்தியலும் கிண்ணியும் சேர்ந்த பூட்டு வலப்பக்கம் இருந்தா அந்தப் பக்கம் பக்கத்துல நிக்கிறவர் மேல நெருப்பு தெறிக்கும், தடுப்பு வெச்சே ஆகணும்.

திரிதான் பழசு, 1543ல போர்ச்சுகீசியர் வழியா ஜப்பானோட தனெகாஷிமா தீவுக்குப் போனது இந்த வகைதான், ஆனா பழசுன்னா மட்டம்னு நினைக்கிறது தப்பு. நெருப்பு ஏற்கனவே எரிஞ்சுக்கிட்டே இருக்கு, பொறிக்காகக் காத்திருக்கத் தேவையில்ல, திரியைப் பிடிச்சிருக்குற கொக்கி லேசானது, அது இறங்கும்போது துப்பாக்கி கிட்டத்தட்ட அசையவே அசையாது. நின்னு சுடுறதுக்கு எனக்குக் கல்லை விட இதுதான் மேல்னு தயங்காம சொல்லுவேன். கஷ்டம் வேற இடத்துல இருக்கு, ஜப்பான் மாதிரில தோள்ல வைக்கிற கட்டையே கிடையாது, கன்னத்தோட அணைச்சுப் பிடிக்கணும், பழக நாளாகும். அதை விட முக்கியமா எரியுற திரியும் மருந்தும் ஒரே மேசைல கிட்டக்கிட்ட இருக்கக் கூடாது, ஒரு ஷாட்டுக்கு அளந்த மருந்தை மூடின குப்பிகள்ல வெச்சுக்கணும், கெட்டிக்கிற நேரத்துல திரி துப்பாக்கில இருக்கவே கூடாது. கவனம் சிதறுற ஆளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பழைய அசலா, புதுசா செஞ்ச நகலான ரெப்ளிகாவான்னா, போட்டில ரெண்டுக்கும் தனித்தனி வகுப்பு இருக்கு. தொடங்குறவங்க ரெப்ளிகா எடுங்க, அசலைத் தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக் குழலைப் பாத்து சரின்னு சொல்லாம சுடாதீங்க. எதுலயும் இந்தக் காலத்துப் புகையில்லா மருந்து கூடவே கூடாது, குழல் வெடிச்சுடும். சுடலைன்னா உடனே எட்டிப் பாக்காம குழலை டார்கெட் பக்கமே நீட்டிக்கிட்டு ஒரு நிமிஷமாவது நில்லுங்க.

முதல்ல கேப், கை நின்ன பிறகு திரி, கல்லு கடைசியா, இதுதான் நான் சொல்ற வரிசை. சுட்டு முடிச்ச அன்னைக்கே வெந்நீர் ஊத்திக் கழுவுறது மட்டும் மூணுக்கும் ஒண்ணுதான், கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னுடும்.