வைஃபை கார்டால் விழும் லேப்டாப்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லேப்டாப் அடிக்கடி உறைந்து நின்றால் சந்தேகம் முதலில் ரேம் மீது போகும், அடுத்து எஸ்எஸ்டி, அதற்கடுத்து விண்டோஸ். அடிமூடிக்குள் தபால்தலை அளவில் உட்கார்ந்திருக்கும் வயர்லெஸ் கார்டு யாருக்கும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. வைஃபை கார்டு கெட்டால் இணையம்தானே போகும், முழுக் கணினியும் ஏன் விழ வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள பழைய லேப்டாப் ஒன்றையும் எம்.2 ஸ்லாட் உள்ள புதியது ஒன்றையும் பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்கு வைத்திருக்கிறேன். இரண்டிலும் கார்டு மாற்றியிருக்கிறேன். இரண்டும் கார்டினால் விழுந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. இவ்வளவு காலத்தில் எது உண்மையிலேயே பலன் தந்தது, எது நேரத்தை மட்டும் தின்றது என்பதை எழுதுகிறேன்.

கார்டு ஏன் முழுக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழுகிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே பொருத்தும் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக இணைப்புத் தடம் வழியாகப் பிராசஸரோடு நேரடியாகப் பேசுகிறது. வந்து சேரும் தரவைப் பிராசஸரின் கையை எதிர்பார்க்காமல் தானே ரேமில் எழுதும் உரிமையும் அதற்கு உண்டு. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஓடுவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள். பிரவுசர் தவறு செய்தால் பிரவுசர் மட்டும் மூடும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டால் இயங்குதளம் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது அதுதான்.

உறைந்துபோவது இதைவிடக் கெட்டது. கார்டில் உள்ள ஒரு ரெஜிஸ்டரின், அதாவது கார்டின் நிலையைச் சொல்லும் சிறு நினைவிடத்தின், மதிப்பை டிரைவர் கேட்கிறது, கார்டோ மின்சேமிப்புத் தூக்கத்திலிருந்து எழவில்லை. பதில் வரும்வரை அந்தப் பிராசஸர் கோர் அசையாமல் நிற்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் இந்தக் காத்திருப்புக்கு உள்ள வழக்கமான வரம்பு 50 மைக்ரோசெகண்டிலிருந்து 50 மில்லிசெகண்ட் வரை. அது கடந்ததும் பல கணினிகளில் எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் ஒரு பொய் மதிப்பு டிரைவருக்குத் திரும்பும். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் அதைப் பார்த்த உடனே கார்டு தொடர்பில் இல்லை என்று தெரிந்துகொள்ளும். மோசமான டிரைவர் அதையே நம்பி, முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொள்ளும். மவுஸ் அசையாது, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ஒரு துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியிருக்காது. என் பழைய லேப்டாப்பில் நடந்தது இதுவேதான்.

கார்டைச் சந்தேகிக்கச் சில தடயங்கள் உண்டு. ஸ்லீப்பிலிருந்து எழும்போதும், சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொட்டவுடனும் விழுந்தால் கார்டு பட்டியலின் மேலே வர வேண்டும். பெரிய கோப்பை அப்லோடு செய்யும்போதும், ரூட்டரிலிருந்து தள்ளிப் போய் சிக்னல் குறையும்போதும் விழுவது அடுத்த தடயம். அப்போது கார்டு அதிக மின்சாரம் இழுக்கும், அதிகம் சூடாகும். ரேம் கோளாறு இப்படி நேரம் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிரலில், வெவ்வேறு பிழைக் குறியீட்டோடு வரும். சூட்டினால் அணையும் லேப்டாப்போ கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையின் நடுவில்தான் பெரும்பாலும் அணையும்.

தடயம் வேறு, நிரூபணம் வேறு. நிரூபணத்துக்கு ஒரே வழிதான் எனக்குத் திருப்தி தந்தது: கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடர்வது. ஏர்பிளேன் மோடு போதாது. ரேடியோ மட்டும்தான் அணையும், டிரைவர் நினைவகத்திலேயே இருக்கும், கார்டுக்கு மின்சாரமும் போய்க்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டை டிஸேபிள் செய்வது அதைவிட மேல், அப்போதும் கார்டு ஸ்லாட்டில்தான் இருக்கிறது. கழற்றினால்தான் டிரைவர், மின்சாரம், பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு மூன்றும் ஒருசேர விலகும்.

கழற்றும்போது அவசரம் கூடாது. விண்டோஸில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் சாதாரண ஷட்டவுன் கெர்னலை உறக்க நிலையில் சேமித்து வைக்கும், டிரைவரின் பழைய நிலையும் அதோடு போகும். சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை முதலில் விடுவிக்க வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்னூட்டம் வடியும். ஆன்டெனா வயர்களை இழுக்காமல் செங்குத்தாக மேலே தூக்கி எடுங்கள். எம்.2 கார்டில் உள்ள கனெக்டர் மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் உள்ளதைவிடச் சிறியது. இந்த வகைக் கனெக்டர்கள் ஏறக்குறைய 30 முறை மாட்டிக் கழற்றுவதற்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை, அதனால் விளையாட்டாகக் கழற்றி மாட்ட வேண்டாம். வெறுமனே விடப்படும் வயர் முனைகள் மதர்போர்டைத் தொடாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக ஒட்டி வையுங்கள்.

அதன் பிறகு லேன் கேபிள் போட்டோ, போனை யுஎஸ்பியில் மாட்டி இணையம் எடுத்தோ வழக்கமான வேலைகளைச் செய்யலாம். முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை விழுந்ததோ அதைப்போலப் பல மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் நன்றாக ஓடியது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கார்டு இல்லாமலும் விழுந்தால் அது குற்றமற்றது, ரேம் சோதனைக்குப் போகலாம். விழவில்லை என்றாலும் கார்டு கெட்டது என்று பொருளில்லை. கார்டு, டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு, ஸ்லாட் இந்த நான்கில் ஒன்று என்பது மட்டும் உறுதி.

நான்கில் எது என்று தேட, கணினியே எழுதி வைத்த குறிப்புகள் உதவும். நீலத் திரை வந்திருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு கோப்பு இருக்கும். மைக்ரோசாஃப்டின் வின்டிபக் கருவியில் அதைத் திறந்தால் எந்த டிரைவர் கோப்பின் பெயர் வருகிறது என்று பார்க்கலாம். நிறுத்தக் குறியீட்டுக்கும் பொருள் உண்டு. 9எஃப் என்றால் ஸ்லீப்புக்குப் போகவோ எழவோ சொன்ன கட்டளையை ஒரு டிரைவர் நேரத்துக்குள் முடிக்கவில்லை. டி1 என்றால் டிரைவர் தவறான நேரத்தில் தவறான நினைவகத்தைத் தொட்டது. 133 என்றால் ஒரு டிரைவர் பிராசஸரை அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருந்தது. 124 வன்பொருளே பிழை சொல்வது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புக் கோளாறும் இதற்குள் வரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நிற்கும் கெர்னல்-பவர் 41-ஐப் பார்த்து பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். கணினி முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

முழு உறைவில் மினிடம்ப் எழுதப்படாது. பழைய லேப்டாப்பில் எனக்குத் துப்பு கிடைத்தது லினக்ஸில்தான். முந்தைய முறை கணினி ஓடியபோது எழுதப்பட்ட கெர்னல் பதிவைத் திறந்தால், உறைவதற்கு முன்புவரை பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் 'சரிசெய்யப்பட்ட பிழை' என்ற வரிகள் வைஃபை கார்டின் முகவரியோடு வரிசையாக இருந்தன. சரிசெய்யப்பட்டதுதானே என்று விட்டுவிடலாம் போலிருக்கும். இணைப்பு தள்ளாடுகிறது என்பதற்கு அவைதான் சாட்சி. கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மட்டும் விழுந்து டிரைவர் அதை மீண்டும் கிளப்பியதாக வரும் பதிவுகள் இவற்றிலிருந்து வேறானவை. அப்போது வைஃபை சில விநாடி போய் வரும், கணினி விழாமல் ஓடும்.

அங்கே குற்றவாளி ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு ஏற்பாடு. தரவு ஓடாதபோது பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை எல்0எஸ், எல்1 என்ற தூக்க நிலைகளுக்கு அது அனுப்புகிறது. பின்னால் சேர்க்கப்பட்ட எல்1.1, எல்1.2 இன்னும் ஆழமான தூக்கம். எழுப்பும் சிக்னல்களில் கார்டும் மதர்போர்டும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு எழாமலே போகும். மதர்போர்டு வடிவமைத்தபோது இல்லாத ஒரு கார்டைப் பின்னால் கொண்டுவந்து மாட்டும்போது இந்தச் சிக்கல் அதிகம். கெர்னல் தொடக்க வரியில் ஏஎஸ்பிஎம்மை அணைத்ததும் பிழை வரிகளும் நின்றன, உறைவதும் நின்றது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்புகளில், பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைப்பின் கீழ் உள்ள லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்வது இதற்கு இணை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் ஏஎஸ்பிஎம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பேட்டரி சற்றுச் சீக்கிரம் இறங்குகிறது என்பது உண்மை. சேமிக்காத வேலை போவதோடு ஒப்பிட்டால் அந்த இழப்பை நான் மனதாரச் சம்மதிக்கிறேன்.

புதிய லேப்டாப்பின் கதை வேறு. கார்டு மாற்றிய பிறகு மூடியை மூடித் திறக்கும்போது 9எஃப் குறியீட்டோடு நீலத் திரை வந்தது. இங்கே காரணம் டிரைவர். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பது அவர்கள் முதலில் மாட்டி அனுப்பிய கார்டுக்கானது. மாற்றிய கார்டுக்கு, கார்டின் சிப்பைத் தயாரித்தவரின் தளத்தில் உள்ள டிரைவர்தான் சரி. பழைய கார்டின் டிரைவரை அதன் கோப்புகளோடு சேர்த்து அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். விண்டோஸ் அப்டேட் தானாகவே வேறு பதிப்பை மேலே போட்டுவிடும் என்பதால், ஒரு பதிப்பு நிலையாக ஓடினால் அதன் எண்ணைக் குறித்து வைத்து, நிறுவியையும் சேமித்து வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தவுடன் பாய்ந்து போடுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் இருந்தால் மட்டும் போட்டு, சில நாள் ஸ்லீப்பில் சோதித்துப் பார்க்கிறேன். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற அனுமதியை எடுத்துவிடுவதும் ஸ்லீப் கோளாறுகளுக்கு நல்ல முதல் முயற்சி.

பொருத்தும் விதமும் முக்கியம். பழைய லேப்டாப்பில் முழு நீளக் கார்டுக்கான இடத்தில் அரை நீளக் கார்டை மாட்டினால் திருகு எட்டாது, கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், லேப்டாப்பைத் தூக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். நீட்டிக்கும் உலோகத் தகடு போட்டுத் திருகித்தான் வைக்க வேண்டும். தொடர்பு முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது சின்ன வேலை, தயங்காமல் செய்யலாம்.

கார்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எம்.2 2230 அளவில் எல்லாமே 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுமையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் சிஎன்விஐ வகை. வைஃபை வேலையின் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும், கார்டில் ரேடியோ மட்டும்தான். அவற்றை ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டினால் வேலை செய்யாது. புளூடூத்தும் அதே கார்டில் இருந்தாலும், பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளில் அது ஸ்லாட்டில் உள்ள யுஎஸ்பி இணைப்பு வழியாகத்தான் பேசும். அதனால் வைஃபை ஓடி புளூடூத் மட்டும் காணாமல் போனால் கார்டைக் குறை சொல்லும் முன், அந்த ஸ்லாட்டில் யுஎஸ்பி தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய லேப்டாப்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். வாங்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் தன் கணினியில் தனக்குப் பிடித்த கார்டை மாட்ட முடியாமல் செய்யும் இந்தப் பட்டியல் முறை எனக்குத் துளியும் உடன்பாடில்லாதது.

இப்போது இரண்டு லேப்டாப்பும் தினமும் பலமுறை ஸ்லீப்புக்குப் போய் எழுகின்றன, விழுவதில்லை. பழையதில் ஏஎஸ்பிஎம் இன்றும் அணைந்தே இருக்கிறது. புதியதில் மின்சேமிப்பு அனுமதியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன், சரியான டிரைவரோடு பிரச்சினை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

டிரைவர், ஏஎஸ்பிஎம், பொருத்தம் எல்லாம் சரிபார்த்த பிறகும் விழுகிறதா? வேறொரு கணினியில் நன்றாக ஓடும் கார்டை இதில் மாட்டிப் பாருங்கள். அதுவும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் ஸ்லாட்டிலோ அதற்கு 3.3 வோல்ட் தரும் சுற்றிலோ இருக்கும். மதர்போர்டு பழுதுபார்ப்பு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அப்போது ஸ்லாட்டைக் காலியாக விட்டு யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு மாறலாம். வேகம் சற்றுக் குறையலாம், ஒரு போர்ட் போகும். முழுக் கணினியும் உறையும் தொல்லை நிற்கும்.