வேட்பாளருக்குப் பணம் கொடுத்தது யார்: பிரமாணப் பத்திரமா, செலவுக் கணக்கா?

மதுரை வேட்பாளர் பின்னால் எந்தப் பணக்காரர் நிற்கிறார் என்று பார்க்க எதை எடுப்பது: சொத்து, கடனைச் சத்தியம் செய்து சொல்லும் பிரமாணப் பத்திரத்தையா, தேர்தலுக்குச் செலவழித்ததைக் காட்டும் கணக்கையா?

நேரம்: பத்திரம் வேட்புமனுவோடு வரும். கணக்கு, முடிவு வந்த 30 நாளுக்குள்.

செலவு: பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசம். கணக்கைக் கலெக்டர் ஆபீஸ் தேர்தல் பிரிவில் 1 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். நகலுக்குத் தனிக் கட்டணம்.

விவரம்: பத்திரத்தில் கடன் பகுதியை விட்டுவிடாதீர்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று பெயரோடு இருக்கும். அடுத்து அரசு ஒப்பந்தங்கள். கணவர் அல்லது மனைவி, வேட்பாளரைச் சார்ந்து வாழ்வோர் பங்குள்ள தனியார் கம்பெனி வாங்கிய ஒப்பந்தம் வரை எழுதியாக வேண்டும். போன தேர்தல் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சொத்து, கடன் ஏற்றம் தெரியும். கணக்கில் நன்கொடையாளர் பெயர் உண்டு. ஆனால் கட்சிக்கு நேராகக் கொடுத்தவர் அதில் வரமாட்டார்.

ஓட்டுக்கு முன் முடிவெடுக்கப் பத்திரம். ஜெயித்தபின் டெண்டர் யாருக்குப் போகிறது என்று ஒப்பிடச் செலவுக் கணக்கு.